வேற்று நாட்டு மை

அந்தப் பிரிண்டருக்கு என்னைவிடத் திமிர் அதிகம். புது நீல மையைப் பெட்டியிலிருந்து பிரித்தேன், லேசாகக் குலுக்கினேன், வாயில் ஒட்டியிருந்த நாடாவைக் கிழித்தேன், 'டக்' என்று சத்தம் வரும்வரை குழிக்குள் அழுத்தினேன், மூடியைச் சாத்தினேன். உள்ளே என்னவோ இப்படியும் அப்படியும் ஓடியது. பிறகு சின்னத் திரையில் ஒரு முக்கோணமும் அதன் கீழே இரண்டு வரியும் வந்து நின்றன. மகள் குனிந்து படித்தாள்.

"இந்தக் கார்ட்ரிட்ஜ் வேற பகுதிக்கு உள்ளதாம்மா. மெஷின் ஏத்துக்காதாம்."

"என்னடி வேற பகுதி? அதே கம்பெனி, அதே நம்பர், அதே டப்பா. நீதானே கடையில நின்னு ரெண்டு தடவை பார்த்து வாங்கின?"

"நம்பர் சரிதாம்மா. ஆனா மெஷின் நம்ம ஊர்ல வாங்கினது, மை இங்க வாங்கினது. அந்த ஊர் மெஷினுக்கு அந்த ஊர் மைதான் போடணும்னு உள்ள சிப் வச்சுப் பூட்டியிருக்காங்க."

இருபத்திரண்டு வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவள் நான். காகிதம் சிக்கும், டோனர் கொட்டும், மெஷினுக்குள் பல்லி செத்துக் கிடக்கும். எல்லாம் பார்த்தாயிற்று. மைக்கும் ஊர் உண்டு என்பது மட்டும் தெரியாது. தெரிய வழியில்லையே. அங்கே இருந்தவரை அங்கத்து மையைத்தானே போட்டோம்.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து என் கணவர் இடது கையை நீட்டி, "ஒரிஜினல் இருக்கா?" என்றார். கவலையாகக் கேட்டார். என்ன ஆச்சு என்று அர்த்தம்.

"ஒண்ணும் ஆகலை. உங்க மெஷின் அடம் பிடிக்குது" என்றேன்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், கடையில் யாருடைய சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாங்கள் கூப்பிடுவது புரியும், சொல்வது புரியும், கேலி செய்தால் கோபம்கூட வரும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும், என்ன நினைத்துத் திறந்தாலும், "ஒரிஜினல் இருக்கா?" என்றுதான் வரும். கவுண்டரில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட கேள்வி. மற்றதெல்லாம் போய் அது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பசித்தாலும் அதுதான், எரிச்சல் வந்தாலும் அதுதான், நான் தலை வாரிவிட்டால் வாஞ்சையாகச் சொல்வதும் அதுதான். நான் சொல்லை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன்.

எப்பேர்ப்பட்ட வாய் தெரியுமா அது! ஒரு பக்கம் நகல் எடுக்க வந்தவர் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் படி இறங்குவார். வந்தவரின் பல்வலி, மாமியார் சண்டை, வீட்டு வழக்கு எல்லாம் இவருக்கு அத்துப்படி. "உங்க வீட்டுக்காரர் வாய்க்கு ஸ்விட்சே கிடையாதாக்கா?" என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் என்னைக் கேட்பார். நானும் எத்தனையோ தடவை, கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று இவரைத் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். இந்த நாட்டில் பல் செய்யும் கூடமொன்றில் வேலை. மருத்துவர் அனுப்பும் அச்சைப் பார்த்து, யாரோ ஒருவர் வாய்க்குப் பொருந்தும் பல்லை அரைத்து, நிறம் பார்த்துத் தேய்த்துக் கொடுப்பாள். இங்கே பேச்சுப் பயிற்சி நன்றாக இருக்கும் என்று ஒற்றைக் காலில் நின்று எங்களை அழைத்து வந்துவிட்டாள். கடையைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தோம். ஒரு வருடம் என்று பேச்சு.

வரும்போது பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்று போர்வையில் சுற்றி, என் நல்ல புடவைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டிக்குள் திணித்தேன். "இங்க கிடைக்காத பிரிண்டராம்மா?" என்று மகள் போனில் தலையில் அடித்துக்கொண்டாள். கிடைக்கும்தான். ஆனால் இந்த மெஷினை இவருடைய கை அறியும். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று இடது கைக்கும் தெரிந்திருந்தது. நான் போனில் படம் எடுத்து அனுப்புவேன்; இவர் மெஷினை எழுப்பி, காகிதம் சொருகி, அச்சடித்துக் கொடுப்பார். இவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை அது.

அந்தப் படங்கள்தான் இவருடைய பேச்சு. பேச்சு டீச்சர் (பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர்) முதல் வாரமே ஒரு கட்டு அட்டை கொடுத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தைக் காட்ட வேண்டும், வலித்தால் வலிக்கிற முகத்தை. இவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் புரிந்தது. அது யாரோ ஒருவருடைய டம்ளர், யாரோ ஒருவருடைய முகம். நான் இவருடைய பச்சை டம்ளரை, இவருடைய நீலத் துண்டை, இவருடைய முழங்காலை, இந்த வீட்டுக் கழிவறைக் கதவைப் படம் பிடித்து அட்டையாக்கினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓர் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நீலத் துண்டு. முகம் துடைக்கக் கேட்டார். நான் துண்டை எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது நாற்பத்தொரு அட்டை இருக்கிறது. அட்டையில்லாத எதையாவது இவர் கை காட்டினால் உடனே படம் பிடித்து இரண்டு நிமிடத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்றால் அந்த ஆர்வம் போய்விடும். போனிலேயே காட்டலாமே என்றால், இவருடைய கட்டை விரல் பட்டதும் படம் எங்கேயோ ஓடிவிடுகிறது. இதற்கிடையில்தான் நீலம் தீர்ந்தது. நீலம் போனால் பச்சையும் போயிற்று. டம்ளர் மஞ்சளானது, துண்டு வெளிறிப் போனது. இவர் அட்டையைப் பார்ப்பார், டம்ளரைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். பிறகு கவிழ்த்து வைத்துவிடுவார்.

மகள் கம்பெனிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் ஏதோ பாட்டு ஓடியது. அப்புறம் ஓர் ஆள் வந்து பேசினான். அவள் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

"வழி இருக்காம்மா. நாலு நிறமும் இங்கத்து மையா வாங்கி வச்சுக்கிட்டு கூப்பிடச் சொல்றார். ஒரு நம்பர் தருவாராம். அதைப் போட்டு ஓகே அழுத்தினா மெஷின் இந்த நாட்டு மெஷினா மாறிடும்."

"அப்பாடா. அப்புறம் ஊருக்குப் போகும்போது திருப்பி மாத்திக்கலாம்ல?"

அவள் கேட்டாள். முகம் மாறிற்று.

"முடியாதாம். ஒரே ஒரு தடவைதானாம். மாத்தினா மாத்தினதுதான். அப்புறம் நம்ம ஊர் மை இதுல ஓடாது."

"அப்ப வேண்டாம், போனை வை" என்றேன்.

"அம்மா, இது பிரிண்டரும்மா!"

"பிரிண்டர்தான். அடுத்த மாசம் இதைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போனா அங்க இது எதுக்கு ஆகும்? காயவச்ச துணி பறக்காம இருக்க மேல வைக்கவா?"

அடுத்த மாதம் என்று நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வாரமாக ஒரு விண்ணப்பம் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் இங்கேயே தங்கிவிட அனுமதி கேட்கும் விண்ணப்பம். மகள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள், எங்கள் கையெழுத்துதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் முகத்துக்கு நேரே நிற்கும். நான் பார்க்காத மாதிரி பாலை எடுத்துக்கொண்டு வருவேன். கேட்டால், "அப்பாவுக்கு ஊருக்குப் போகணும்டி. அவரு முகத்தைப் பார்த்தாலே தெரியலையா?" என்பேன். அந்த எண்ணும் இந்தக் காகிதமும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டன. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொண்ட மாதிரி.

மகள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். கதவைச் சாத்திய சத்தத்தில் அவள் சொல்லாதது எல்லாம் இருந்தது.

சரி, கடைக்காரிக்கா வழி தெரியாது? இந்த ஊர் மையை ஊசியால் உறிஞ்சி நம் ஊர் டப்பாவுக்குள் ஏற்றிவிட்டால் மெஷினுக்கு எப்படித் தெரியும்? எத்தனை டப்பாக்களுக்கு ஏற்றியிருக்கிறேன்! கோட்டை மாட்டிக்கொண்டு மூலையில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனேன். ஊசி என்பதற்கு இந்த மொழியில் என்ன சொல் என்று தெரியவில்லை. கை மேல் குத்துகிற மாதிரி நடித்துக் காட்டினேன். கடைக்காரப் பெண் ஓரடி பின்னால் போனாள். போதைக்காரி என்று நினைத்திருப்பாள். ஐம்பத்தாறு வயதில் எனக்கு அந்தப் பெயரும் கிடைத்தது. பையிலிருந்து நீல டப்பாவை எடுத்துக் காட்டி, ஒரு காகிதத்தில் ஊசியும் டப்பாவும் வரைந்து, நடுவில் ஓர் அம்புக்குறி போட்டேன். அவள் பார்த்தாள். சிரித்துவிட்டாள். தடிமனான ஊசியாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தோம். இவர் பழைய டப்பாவை இடது கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிளப்பி, ஓட்டையில் ஊசியை இறக்கினேன். கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன்.

"ஒரிஜினல் இருக்கா!" என்று அதட்டினார்.

"தெரியும், தெரியும். மெதுவா விடணும். இத்தனை வருஷம் நான் என்ன வேடிக்கையா பார்த்தேன்?"

"ஒரிஜினல் இருக்கா?" இது நக்கல். வேடிக்கைதான் பார்த்தாய் என்றார்.

நீலம் வழிந்து என் விரலிலிருந்து இவர் விரலுக்கு இறங்கியது. நான் துடைக்கப் போனால் வேண்டாமென்று தலையாட்டினார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக அந்த வேலையை முடித்தோம். டப்பாவை இவரே மெஷினில் சொருகி மூடினார். ஓடியது! துண்டு நீலமாக வெளியே வந்தது. இவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் கடையில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. சாயங்காலம் மகள் வந்து எங்கள் கைகளைப் பார்த்து, "எந்தக் கடைக்குப் பெயிண்ட் அடிக்கப் போனீங்க?" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் மெஷின் நின்றது. டப்பாவில் மை இருந்தது. ஆனால் டப்பாவில் உள்ள சிப்புக்கு அது தெரியாதே. இத்தனை பக்கம் அச்சடித்தாயிற்று, காலியாகிவிட்டேன் என்று அது எண்ணிச் சொல்லிவிட்டது. கடையில் இதற்கென்று கட்டைவிரல் அளவில் ஒரு கருவி வைத்திருந்தோம். சிப்பின் மேல் வைத்து அழுத்தினால் எல்லாம் மறந்து புதிதாக எண்ண ஆரம்பிக்கும். அதை மேசையின் இரண்டாவது இழுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போர்வை மூன்று, ஊறுகாய்ப் பாட்டில் இரண்டு, உடைந்த கைக்கடிகாரம்கூடக் கொண்டுவந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கொழுந்தனாருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே கடையில் நடு மத்தியானம். பின்னால் கூட்டம்.

"அண்ணி! அந்த ரீசெட்டர்தானே? இங்கதான் இருக்கு. நாலு செட் மையும் சேர்த்து நாளைக்கே பார்சல் போட்டுடறேன். அண்ணன் எங்க? ஒரு நிமிஷம் காட்டுங்க!"

நான் போனை இவர் பக்கம் திருப்பினேன். அங்கே நின்ற வாடிக்கையாளர்களுக்கும் திரை தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து முகங்கள் முண்டியடித்தன. "ஐயா எப்படி இருக்கீங்க?" "ஏதாவது பேசுங்கய்யா!" "இப்ப பேச்சு வந்துடுச்சா?" யாரோ மெதுவாக, "என்னமா பேசுவாரு, பாவம்" என்றார். நல்ல மனுஷர்கள்தான். பிரியத்தில் சொன்னதுதான்.

இவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா அண்ணி?"

"வயிறு" என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேர் ஆசையாகக் கூப்பிட்டால் இப்படியா முகத்தில் அடித்த மாதிரி எழுந்து போவது? கதவுக்கு வெளியே நின்று நன்றாகவே கேட்டேன். அப்புறம்தான், கத்தி முடித்த பிறகுதான், ஊரில் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பக்கவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வராத நாளில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அசதி என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பயிற்சி. வழக்கமாக நான் இவரை உள்ளே விட்டுவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு, நேரம் முடிந்ததும் வருவேன். அன்று போகவில்லை. நடைபாதையில் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வட்ட மேசையில் நாலு பேர். எல்லாரும் பேச்சைத் தொலைத்தவர்கள். அதில் ஒருவர் மலை மாதிரி பெரிய ஆள், பஸ் டிரைவராக இருந்தவர். அவருக்கு மிஞ்சியது அவர் மொழியில் ஒரே ஒரு சொல். 'செவ்வாய்க்கிழமை' என்று அர்த்தமாம், மகள் பிறகு சொன்னாள்.

என் கணவர் அவரைப் பார்த்து, "ஒரிஜினல் இருக்கா?" என்றார். தோரணையாக, கால் மேல் கால் போடாத குறையாக.

டிரைவர் மேசையில் தட்டி அவருடைய சொல்லைச் சொன்னார்.

இவர் மறுத்துத் தலையாட்டி, கையை வீசி, "ஒரிஜினல் இருக்கா, ஒரிஜினல் இருக்கா" என்று நீட்டி முழக்கினார். டிரைவரும் விடவில்லை. செவ்வாய், செவ்வாய், செவ்வாய். பேச்சுக்குப் பேச்சு. கடைசியில் என்னவோ ஒன்றுக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பதினான்கு மாதத்தில் இவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அந்த மேசையில் யாருக்கும் தமிழ் தெரியாது. இவர் சொல்வது தவறான சொல் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. முன்பு எப்படிப் பேசினார் என்றும் தெரியாது. அவர்களுக்கு இவர் வாய் நிறையப் பேசுகிற, கொஞ்சம் குறும்பான ஒரு மனிதர். ஊரில் இவர் பேச்சுப் போன மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாரை அழைத்து, பார்சல் போட வேண்டாம் என்றேன். மகள் வந்ததும், நாலு நிற மையையும் புதிதாக வாங்கிவரச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேள்வி கேட்காமல் போய் வாங்கி வந்தாள். அந்த மட்டும் அவள் அவளுடைய அப்பா மாதிரி இல்லை.

அடுத்த நாள் காலை, வெளிச்சம் மேசை மேல் விழுந்துகொண்டிருந்தபோது மூன்று பேரும் பிரிண்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். மெஷின் காட்டிய நீளமான எண்ணை அவள் படிக்க, அந்த ஆள் வேறோர் எண்ணைச் சொன்னான். இவர் இடது கையால் ஒவ்வொன்றாக அழுத்தினார். பதினாறு இலக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. திரையில் கேள்வி வந்தது.

"உறுதியான்னு கேக்குது" என்றாள் மகள். "ஓகே அழுத்தினா அவ்வளவுதான். திருப்ப முடியாது."

நான் இவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நாற்பத்தொரு அட்டை செய்தவள் நான். பசிக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, முதுகு அரிப்புக்கு ஒன்று. எங்கே இருக்க வேண்டும் என்று கேட்க ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அட்டை எதற்கு? வாயால் கேட்டிருக்கலாம். தலையாட்டத் தெரிந்த மனிதர்தானே. ஒரு வருடமாக நான் கேட்கவில்லை.

"இங்க பாருங்க. பிரிண்டரைப் பத்தி மட்டும் கேக்கலை. நமக்கு இனிமே இங்கதான்னு இருந்தா, உங்களுக்குச் சம்மதமா?"

இவர் என்னைப் பார்த்தார். யோசிக்கவில்லை. தலை மேலும் கீழும் ஆடியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. விரல் ஓகே பொத்தானுக்குப் போனது.

அப்போது பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியாத அழுகை. என் வீட்டுக் கதவு, நான் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய கடைக்காரர்கள், சண்டை போடத் தெரிந்த மொழி, எல்லாம் ஒரு பொத்தானுக்கு அந்தப் பக்கம் போகப்போகிறது. ஊருக்குப் போக வேண்டும் என்று ஏங்கியது இவர் இல்லை. நான்தான். வாயில்லாத மனிதரின் வாயை எடுத்து என் ஆசையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத்தான் போகணும்" என்றேன். "உங்களுக்கு இல்லை. எனக்குத்தான்."

இவர் விரல் பொத்தான் மேலேயே நின்றது. பிறகு எடுத்துவிட்டார். என் கையைப் பிடித்தார். நகக்கண்ணில் இரண்டு பேருக்கும் இன்னும் நீலம் இருந்தது. என் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் அந்தப் பொத்தானில் வைத்துவிட்டு, தன் கையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நீயே முடிவு செய் என்று ஒரு மனிதர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"ஒரிஜினல் இருக்கா" என்றார் மிக மெதுவாக. போனாலும் சரி, நானும் வருகிறேன் என்றார். எனக்கு அது நன்றாகக் கேட்டது.

வருவார். எனக்காக வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "சரி, கேட்டுக்கோங்க. வருஷத்துக்கு ஒரு மாசம் நான் ஊருக்குப் போவேன். நான் மட்டும். நீங்க வர வேண்டாம். அந்த ஒரு மாசம் இவ சமையலைத்தான் நீங்க சாப்பிடணும். முகம் சுளிக்கக் கூடாது. தெரியுதா?"

"ஒரிஜினல் இருக்கா!" என்று அலறினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாப்பிட்டுத்தான் ஆகணும்."

"ஒரிஜினல் இருக்கா, ஒரிஜினல் இருக்கா..."

"பத்து நாளா? பத்து நாள்ல எப்படிங்க போயிட்டு வர்றது? இருபது. அதுக்குக் கீழே இறங்க மாட்டேன்."

போனில் அந்த ஆள் ஏதோ கேட்டான். நெடுநேரமாக யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. மெஷினில் ஏதாவது சிக்கலா என்று கேட்டிருப்பான். மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவனுக்கு ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம்தான். இந்த மொழியில் எனக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

கொஞ்சம் பொறுங்கள், அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

நான் பொத்தானை அழுத்தினேன்.